உக்கிப்போகும் தூண்கள்

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பசுபிக் கடலில் கிடக்கிறது ஹைடா குவாய் தீவுக்கூட்டம். ஹைடா எனும் ஆதிக்குடிகளின் மண். அதன் தென்பகுதிதான் குவாய் ஹானாஸ் தேசிய பூங்கா. வீதி கிடையாது, படகிலோ கடல்விமானத்திலோதான் போகலாம். வன்கூவரில் இருக்கும் என் தங்கையின் மகன் கோடை விடுமுறையில் கூட்டிப்போனான்.

தெற்கு அந்தத்தில் ஸ்கங் குவாய் என்றொரு சிறு தீவு. 1981 முதல் உலக மரபுரிமைத் தலம். ஒரே நேரத்தில் 12 பேருக்கு மேல் கரையிறங்க முடியாது. சிப்பி ஓடுகளால் எல்லையிட்ட பாதையை விட்டு விலகவும் கூடாது. ஹைடா காவலர் ஒருவர் முன்னே நடந்தார்.

கடலைப் பார்த்தபடி நின்றன, உருவங்கள் செதுக்கிய சீடர் மரத் தூண்கள். பல தூண்கள் மரணத் தூண்கள். இறந்த தலைவரைப் பெட்டியில் இட்டுத் தூணின் உச்சிக் குழியில் வைப்பார்களாம். மழையிலும் பாசியிலும் சில சாய்ந்துவிட்டன. சில விழுந்து கிடக்கின்றன. காலம் முழுக்க அவற்றை நிறுத்திவைப்பதல்ல ஹைடாக்களின் நோக்கம். மண்ணில் முளைத்தது மண்ணுக்கே போகட்டும் என்பார்கள். எங்களூர் மையவாடியில் உக்கிப்போன மீஸான் கட்டைகள் மனதில் வந்தன. ஆனால், எங்கள் மையவாடிக்குப் பக்கத்தில் ஊர் இருக்கிறது. இங்கே ஊரே மையவாடியாகிவிட்டது.

1862இல் வந்த பெரியம்மைதான் காரணம். ஆயிரக்கணக்கில் வாழ்ந்த ஹைடாக்கள் அந்நூற்றாண்டு முடிவதற்குள் சுமார் 600 பேராகக் குறைந்தனர். மிஞ்சியோர் வடக்கே ஒதுங்க, தெற்குக் கிராமங்கள் வெறிச்சோடின. பின்னர் மரம் வெட்டும் கம்பனிகள் வந்தன.

1981இலேயே ஹைடாக்கள் தாமாக முன்வந்து பழைய கிராமங்களுக்குக் காவலிருக்கத் தொடங்கினார்கள். 1985இல் லயல் தீவில் மரம் வெட்டுவோரை மறித்து நின்றார்கள். முதியோர் உட்பட 72 பேர் கைதாகினர். 1993இல் கனடா அரசும் ஹைடாக்களும் செய்துகொண்ட உடன்படிக்கை விசித்திரமானது. நிலம் யாருடையது என்பதில் இரு தரப்பும் உடன்படவில்லை. அந்த முரண்பாட்டை அப்படியே எழுதிவைத்துவிட்டு, சம எண்ணிக்கையில் அமர்ந்து நிருவாகம் செய்ய இணங்கினார்கள். 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு, தீவுக்கூட்டம் முழுவதும் ஹைடாக்களின் நில உரிமையை ஏற்றது.

காட்டைக் காப்பதென்றால் மனிதரை வெளியேற்றுவதுதான் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இங்கே காட்டைக் காத்துக் கொடுத்தவர்களே அந்த மனிதர்கள்தாம்.

மறியல் நடந்த அதே லயல் தீவில் 2013இல் 42 அடித் தூணொன்றை நாட்டியிருக்கிறார்கள். 130 வருடங்களுக்கு மேலாக இப்பகுதியில் தூண் எழுந்ததில்லை. கைகோத்து நிற்கும் மறியல்காரர்களும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அதுவும் ஒருநாள் உக்கிப்போகும். அதற்குள் இன்னொன்றை நாட்ட ஆட்கள் இருப்பார்கள்.