கறுப்புத் திரையும் கணக்குப்பிள்ளையும்

மனிதனுக்கு வித்தையினால் வரும் கர்வம் பலவகைப்படும். சங்கீதம் தெரிந்தவருக்கு ஒரு கர்வம். நாலு சுலோகம் மனப்பாடமானவருக்கு ஒரு கர்வம். எனக்கு வாய்த்த கர்வம் சற்று நூதனமானது. லினக்ஸ் ஸர்வர் ஒன்றைப் படமும் பொத்தானும் இல்லாமல், வெறும் எழுத்துக் கட்டளைகளாலேயே ஆட்டிப் படைக்கத் தெரியும் என்பதுதான் அது.

ஸர்வர் என்றதும் ஹோட்டலில் இட்டிலி பரிமாறுகிறவர் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. ஆனாலும் உத்தியோகம் ஏறக்குறைய அதுவேதான். காரியாலயத்தின் ஒரு மூலையில் இரவும் பகலும் விழித்திருந்து, கேட்பவருக்குக் கேட்ட தஸ்தாவேஜை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்கு அந்தப் பெயர். அதை மேற்பார்வை செய்ய இரண்டு மார்க்கங்கள் உண்டு. ஒன்று, கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்து எழுத்தாகத் தட்டுவது. மற்றொன்று, வர்ணப் படங்களும் பொத்தான்களும் நிறைந்த திரையில் சுட்டெலியால் அமுக்குவது.

இரண்டுக்கும் வயது ஏறக்குறைய ஒன்றே. 1968 டிசம்பர் 9-ந் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவர் சுட்டெலியைச் சபையறியக் காட்டினார். மறு வருஷம் பெல் ஆராய்ச்சிசாலையில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அந்நாளில் கம்ப்யூட்டருடன் பேசுவதற்கு டெலிடைப் என்னும் தட்டச்சு யந்திரமே சாதனமாயிருந்தது. அவற்றுள் பேர் பெற்ற 33-ம் நம்பர் மாடல் வினாடிக்குப் பத்து எழுத்துக்கள்தான் அச்சிடும். ஆகவே கட்டளைகளெல்லாம் தந்தி வாசகம்போல் சுருங்கிவிட்டன. பட்டியல் காட்ட ‘எல்.எஸ்.’, பிரதி எடுக்க ‘ஸி.பி.’, அழிக்க ‘ஆர்.எம்.’. 1991-ல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது, அதுவும் இந்தப் பாஷையையே பேசிற்று. லினக்ஸ் எவரும் வாசிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள பொதுச் சொத்து. அந்தப் பொதுச் சொத்துக்கு நானே வாயில்காப்போன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

நிற்க. சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறு காரியாலயத்தின் ஸர்வர் என் பொறுப்பில் இருந்தது. அங்கே முதியவர் ஒருவர் கணக்குப்பிள்ளையாக இருந்தார். நாற்பது வருஷம் பேரேடு எழுதிப் பழகிய கை. அன்றாடக் கணக்கு முழுதும் ஸர்வரில் பதிவாகும். ஒவ்வோர் இரவும் அதன் நகல் வேறொரு தட்டில் தானாகவே எடுக்கப்படும். நகல் ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று காலையில் பார்த்துச் சொல்வது அவருடைய வேலை.

“தம்பி, இதற்கு ரயில்வே கைகாட்டிபோல் ஒரு பச்சை, ஒரு சிவப்பு வைக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

“பொத்தான் அமுக்குவதெல்லாம் குழந்தைகளுக்கு, ஐயா. ஒரே ஒரு வரிதான். ஆனால் ஜாக்கிரதை! ஓர் எழுத்துத் தப்பினால் எல்லாம் அழிந்துவிடும்” என்றேன். அவர் அந்த வரியைத் தம் சிறு நோட்டில் பயபக்தியுடன் எழுதிக் கொண்டார்.

நான் ஒரு மாதம் ரஜாவில் போய்த் திரும்பிய வாரத்தில் ஸர்வரின் மூலத் தட்டு பழுதாகிவிட்டது. ‘நகல்தான் இருக்கிறதே’ என்று அலட்சியமாகத் திறந்து பார்த்தேன். நகல் தட்டு நிரம்பிப் போய், பத்தொன்பது நாளாக நகல் எடுக்கப்படவேயில்லை.

“தினமும் பார்த்தீர்களா, ஐயா?”

“பார்க்கவில்லை, தம்பி. ஓர் எழுத்துத் தப்பினால் எல்லாம் அழிந்துவிடும் என்றீர்களே! அந்தக் கறுப்புத் திரையைக் கண்டாலே கை நடுங்குகிறது.”

மானேஜர் விசாரித்தபோது கணக்குப்பிள்ளை எழுந்து நின்று, “என் அஜாக்கிரதை” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. பத்தொன்பது நாள் ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, இரவு வெகு நேரம் வரை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவர் மறுபடியும் பதிவு செய்தார். கட்டளை தெரிந்த என் விரல்களுக்கு அந்தத் துணிவு இல்லை.

அதன் பிறகுதான் காக்பிட் என்ற மென்பொருளை ஸர்வரில் நிறுவினேன். அதுவும் பொதுச் சொத்தே. எந்தக் கம்ப்யூட்டரின் பிரௌஸரிலிருந்தும் திறந்தால், தட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்த வேலை தவறிற்று என்பதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கும். தவறின வேலைக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. கணக்குப்பிள்ளை காலையில் காபி குடித்ததும் அதைப் பார்ப்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கட்டளை, கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் பதில் சொல்லும். படமோ, கேட்கத் தெரியாதவனையும் கூப்பிட்டுச் சொல்லும். இந்தச் சிறு உண்மையை நான் பத்தொன்பது நாள் விலை கொடுத்து வாங்கினேன். விலையைக் கொடுத்தவரோ அவர்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ஒரு நாள் மாலை நான் ரயிலில் இருந்தேன். டெலிபோனில் கணக்குப்பிள்ளை. “தம்பி, படத் திரை திறக்கவில்லை. கணக்கும் பதியவில்லை. விடிந்தால் சம்பளப் பட்டுவாடா.”

படத் திரையும் அதே ஸர்வரில் ஓடும் ஒரு மென்பொருள்தானே? வீடு பற்றி எரியும்போது வீட்டுக்குள் இருக்கும் மணி அடிக்குமா? ஸர்வருக்கு எதிரிலேயே உட்காரச் சொல்லி, கட்டளைகளை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். “டி, எப். இடைவெளி. சிறு கோடு. எச்.” தட்டு நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. ‘டி.யு.’ கட்டளை, மதியத்திலிருந்து பெருத்துப் போன ஒரு குறிப்புக் கோப்பைக் காட்டிக் கொடுத்தது. அதை ‘ஆர்.எம்.’ கொண்டு அழிக்கச் சொல்லவில்லை. அது ‘அழிக்கலாமா?’ என்று கேட்காமலே அழித்துவிடும். தவிரவும் ஓடும் மென்பொருள் அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை இடமும் காலியாகாது. ஆகவே கோப்பை வைத்துக்கொண்டு உள்ளிருப்பதை மட்டும் காலி செய்யும் ‘ட்ரங்கேட்’ கட்டளையைச் சொன்னேன்.

“அவசரப்படாதீர்கள், தம்பி. முதலில் நோட்டில் எழுதுகிறேன். வாசித்துக் காட்டுகிறேன். பிறகு தட்டுகிறேன்” என்றார் அவர். என் ஆயுளில் நான் ஒரு கட்டளையையும் அவ்வளவு நிதானமாகத் தட்டியதில்லை. கால் மணி நேரத்தில் ஸர்வர் மூச்சு விட்டது.

படத்தை டெலிபோனில் சொல்ல முடியாது, கட்டளையைச் சொல்லலாம். எழுதி வைக்கலாம், நூறு ஸர்வர்களுக்கு மாற்றமின்றித் திருப்பிச் சொல்லலாம். பார்ப்பதற்குப் படம், செய்வதற்குக் கட்டளை. இதுவே இன்று என் அபிப்பிராயம்.

மறுநாள் மானேஜர் கணக்குப்பிள்ளையை வெகுவாகப் புகழ்ந்தார். அப்போதுதான் நான் எழுந்து, அந்தப் பத்தொன்பது நாள் விஷயத்தில் குற்றம் என்னுடையதே என்று சொன்னேன்.

வெளியே வந்ததும் கணக்குப்பிள்ளை சிரித்தார். “அது எதற்கு, தம்பி? பழைய பாக்கி. நான் அன்றே ஐந்தொகை போட்டு மூடிவிட்டேனே!” என்றார்.