கட்டுகளை அவிழ்ப்பவர் யார்?

மறையுரை மேடையிலிருந்து நான் சொன்ன ஒரு வாக்கியம் ஆண்டுகள் பல கடந்தும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2021 ஜூலையில் தமிழகத்து வழிபாட்டுத் தலங்கள் மீண்டும் திறக்கப்பட்டுச் சில ஞாயிறுகள் கழிந்திருந்தன. கருங்குழியில் எங்கள் ஆலயத்தின் முன்வரிசையில் ஓர் இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. “சந்தைக்குப் போகக் கால் இருக்கிறது, திருப்பலிக்கு வரத்தான் சிலருக்குக் கால் இல்லை” என்றேன். யாரை மனத்தில் வைத்துச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். பங்கு மக்களுக்கும் தெரியும்.

அவர் எங்கள் பழைய உபதேசியார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதையை முன்னின்று நடத்தியவர். ஒலிபெருக்கி இல்லாத நாளில் அவர் குரல் நெடுஞ்சாலை வரை கேட்கும் என்பார்கள். 2021 மே மாதத்தில் கொரோனா அவரைத் தாக்கியது. பதினாறு நாள் ஆக்சிஜன் துணையோடு மருத்துவமனையில் கிடந்தவர், ‘நெகட்டிவ்’ என்ற தாளோடு வீடு திரும்பினார். நன்றி மன்றாட்டுச் சொன்னோம். தாளைப் பார்த்து, அவர் குணமாகிவிட்டார் என்று முடிவும் செய்துவிட்டோம்.

அந்த மறையுரைக்கு மறுநாள் அவருடைய துணைவியார் ஆலய வாசலில் என்னைச் சந்தித்தார். முகத்தில் கோபம் இல்லை. “சாமி, ஒரு தடவ வீட்டுக்கு வந்து அவரப் பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

சென்றேன். கட்டிலிலிருந்து திண்ணைக்குப் பத்தடி தூரம். அதற்குள் இருமுறை நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். கைகூப்பினார்; பேச்சு எழவில்லை. பிறகு சொல்லுக்கொரு முறை மூச்சு வாங்கி, “மன்னிச்சிடுங்க சாமி… கோயில் வரைக்கும்… மூச்சு போதல” என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவனிடமே அவர் மன்னிப்புக் கேட்டார்.

அன்றுதான் அவருடைய நுரையீரலின் கதையை முழுமையாகக் கேட்டேன். இளமையில் அவருக்குக் காசநோய். டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கிக் குணமடைந்தவர். கிருமி அழிந்தது, நுரையீரலில் தழும்பு தங்கிவிட்டது. அதன்மேல் அடுப்புப் புகையும், விடமுடியாமல் விட்ட பீடியும் தம் பங்கைச் செய்தன. ஊரார் ‘இளைப்பு’ என்று சொன்னதை மருத்துவர்கள் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள்.

எனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் பின்னர் விளக்கம் கேட்டேன். “மதுராந்தகம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள் ஃபாதர்” என்றார் அவர். ஆழமான ஏரி ஒரு கோடையைத் தாங்கும். தூர்ந்த ஏரி தாங்காது. நலமான நுரையீரலில் அன்றாடத் தேவைக்கு மேல் சேமிப்பு உண்டு. நோயுற்ற நுரையீரலுக்கு அது இல்லை. அங்கே வைரஸ் நுழைந்தால் மூச்சுக்குழல்கள் வீங்குகின்றன, சளி தேங்குகிறது, சில வேளை பாக்டீரியாக்களும் பின்தொடர்கின்றன. கொரோனா மட்டுமன்று, இன்ஃபுளுவென்சாவும், நமக்கு மூன்று நாள் தும்மலோடு போய்விடும் சாதாரணச் சளிக் கிருமியும்கூட இத்தகையோரை வாரக்கணக்கில் வீழ்த்தக்கூடும். எழுந்தாலும் சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. படுக்கையில் கிடந்ததால் தசைகள் மெலிகின்றன. மூச்சு வாங்குமோ என்ற அச்சத்தால் நடப்பது குறைகிறது. நடக்காததால் இன்னும் மெலிகின்றன. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் துன்பத்திற்கு வரையறை தந்து, அதை ஒரு நோய்நிலையாகவே ஏற்றது. நான் அதற்கு வைத்திருந்த பெயரோ சோம்பல்.

திருத்தந்தை பிரான்சிஸின் கடைசி வாரங்கள் இந்தப் பாடத்தை எனக்கு மீண்டும் நடத்தின. இளமையிலேயே நுரையீரலின் ஒரு பகுதியை அறுவை சிகிச்சையில் இழந்தவர் அவர். 2025 பிப்ரவரி 14 அன்று மூச்சுக்குழல் அழற்சியோடு ரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் சேர்ந்தார். பின்னர் இரு நுரையீரல்களிலும் நிமோனியா என்று அறிந்தோம். 38 நாள்களுக்குப் பின் வெளியே வந்தபோது, குறைந்தது இரண்டு மாத ஓய்வு தேவை என்றார்கள் மருத்துவர்கள். ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறன்று மாடத்தில் தோன்றி மெலிந்த குரலில் வாழ்த்துக் கூறினார். அவருடைய செய்தியை வேறொருவர் வாசித்தார். மறுநாள் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் அவரை இறைவனிடம் சேர்த்தன. அந்தத் தளர்ந்த குரலை உலகமே செவிசாய்த்துக் கேட்டது. எங்கள் ஊர்க் குரல் தளர்ந்தபோது நான் கேட்கவில்லையே!

குருமடத்தில் யோவான் நற்செய்தியின் பதினொன்றாம் அதிகாரத்தைப் படித்தபோது, இலாசர் உயிர்பெற்றதே எங்கள் கவனத்தை ஈர்த்தது. அவர் கல்லறையிலிருந்து வந்த கோலத்தை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. கையும் காலும் கட்டுண்டு, முகம் துணியால் மூடப்பட்டு வந்தார். உயிர் தந்தவர் ஆண்டவர். கட்டுகளை அவிழ்க்கும் வேலையை அவர் சுற்றி நின்றவர்களிடம் ஒப்படைத்தார். பிழைத்து வருவது ஒன்று. நடமாடத் தொடங்குவது வேறொன்று. இரண்டாவதற்கு ஊர் தேவைப்படுகிறது.

எங்கள் ஊரும் மெல்லக் கற்றது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே இயன்முறை மருத்துவர் ஒருவர் அவர் வீட்டுக்கு வந்தார். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதக் கற்றுக்கொடுத்தார். ‘பழகிவிடும்’ என்று பயந்து பெட்டிக்குள் வைத்திருந்த இன்ஹேலர், மருத்துவர் சொன்ன முறைப்படி மீண்டும் கைக்கு வந்தது. ஃபுளூ தடுப்பூசியும் போட்டுக்கொண்டார். இளைஞர்கள் முறைவைத்து மாலையில் அவரோடு நடந்தார்கள்: முதலில் வேப்பமரம் வரை, பிறகு தெருமுனை வரை. நானும் என் பங்கைச் செய்தேன். அவர் வரும் நாள்களில் தூபக்கலசத்தை எடுப்பதில்லை. சன்னலோரம் நாற்காலி ஒன்று போட்டிருக்கிறோம். சொன்ன சொல்லை, சொன்ன அதே மேடையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அவர் பழைய மனிதராகிவிடவில்லை. மார்கழிப் பனியில் வெளியே வருவதில்லை. வீட்டில் யாராவது தும்மினால் துணைவியார் முகம் வாடிவிடுகிறது. ஆயினும் இவ்வாண்டுத் தவக்கால வெள்ளி ஒன்றில் சிலுவைப்பாதைக்கு வந்தார். பதினான்கு நிலைகளில் ஒன்றை மட்டும், நாற்காலியில் அமர்ந்தபடியே, நடத்தினார். ஆண்டவர் மூன்றாம் முறை விழுந்த நிலை அது. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மூச்சுக்காக நின்றார். குழந்தைகள் உட்பட எவரும் அசையவில்லை. அவர் அடுத்த வரியைத் தொடங்கும்வரை காத்திருந்தார்கள்.

‘குணமாகிவிட்டதே, இன்னும் என்ன?’ என்று நாம் கேட்கும் வீடு ஒன்று ஒவ்வொரு பங்கிலும் இருக்கும். அந்த வீட்டுப் படியேறி, அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க நமக்குப் பொறுமை உண்டா?