தைலம் ஏற்கும் திருக்குற்றாலநாதர்

ஆனி பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து வீசத் தொடங்கினால் தென்காசிச் சீமையில் சாரல் இறங்கிவிடும். வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் அந்த நாட்களில், சென்னையிலிருந்து பொதிகை விரைவு வண்டியில் வந்து இறங்கும் முதியோர் பலர் அருவியை நாடுவதற்கு முன் கோயிலைத்தான் தேடுகின்றனர். தென்காசியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், திரிகூட மலையின் அடிவாரத்தில், பேரருவியின் ஓசை இடைவிடாது கேட்கும் இடத்தில் சங்கின் வடிவில் அமைந்திருக்கிறது திருக்குற்றாலநாதர் திருக்கோயில். திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு ஒரு பதிகமும், தல விருட்சமான குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் பாடியருளினார். ஒரு மரத்துக்கே பதிகம் பெற்ற தலத்தில் செடி கொடிகளின் பெருமை பேசப்படுவதில் வியப்பில்லை.

தலவரலாற்றை அறியாத அன்பர் குறைவு. திருமால் கோயிலாக இருந்த இவ்விடத்துக்குச் சிவச்சின்னங்களுடன் வந்த அகத்தியருக்கு உள்ளே செல்ல இடம் கிடைக்கவில்லை. அருகிலுள்ள இலஞ்சியில் முருகப்பெருமானை வணங்கி, அவர் காட்டிய வழியில் வைணவ வேடம் பூண்டு திரும்பி வந்தார். நெடிது நின்ற திருமேனியின் தலையில் கை வைத்துக் "குறுகுக" என அழுத்த, அது சிவலிங்கமாகக் குறுகியது. முனிவரின் விரல் பதிந்த தடம் இன்றும் லிங்கத்தின் மேல் உள்ளது என்பர். அவ்வளவு அழுத்தியதால் ஐயனுக்குத் தலைவலி வந்திருக்குமே என்று கவலைப்பட்டது பக்தர் மனம். அதற்காகவே மூலிகைகளைக் காய்ச்சி, நல்லெண்ணெயில் கூட்டிய தைலத்தால் நாள்தோறும் அபிஷேகம் செய்கின்றனர். அருவிச் சாரலில் குளிர் தாக்காதிருக்கச் சுக்கும் மிளகும் சேர்ந்த கஷாயமும் நைவேத்தியமாகிறது. நோயற்றவனுக்கு மருந்து செய்து கொடுக்கும் இந்த அன்பு, வீட்டில் தாத்தாவின் நெற்றிக்குப் பேத்தி தைலம் தடவும் அன்பிலிருந்து வேறானது அன்று.

குழல்வாய்மொழி அம்மையை வணங்கி, சற்று விலகியிருக்கும் சித்திர சபையில் வண்ண ஓவியமாக ஆடும் கூத்தப்பெருமானையும் தரிசித்து வெளிவந்தால் கடைவீதி. மங்குஸ்தான், ரம்புட்டான் கூடைகளுக்கு நடுவே வேர், பட்டை, காய், பொடி என மருந்துச் சரக்கு பரப்பிய கடைகள். ஒருமுறை அப்படியொரு கடையின் முன் எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பேரனின் கையைப் பிடித்தபடி நின்றார். கணவர் மறைந்து ஓராண்டு. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கண் மூடுவதில்லை. யாரோ சொன்னார்கள் என்று அமுக்கராப் பொடி கேட்டார்.

கடைக்காரர் பொட்டலத்தை எடுக்கவில்லை. "ஆச்சி, தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுதீக?" என்று கேட்டார். பேரன் பையிலிருந்து டப்பாவைத் திறந்து காட்டினான். சர்க்கரைக்கு, இரத்த அழுத்தத்துக்கு, தைராய்டுக்கு. இவற்றோடு இரவில் பாதித் தூக்க மாத்திரை.

கடைக்காரர் தயங்கியதற்குக் காரணம் உண்டு. அமுக்கரா உடலைத் தளர்த்தித் தூக்கத்தைத் தரும் என்று சித்த வைத்தியம் நெடுங்காலமாகக் கையாளும் கிழங்குதான். ஆனால் தூக்க மாத்திரையோடு சேரும்போது மயக்கம் மிகுந்து, நள்ளிரவில் எழுந்து நடக்கையில் விழச் செய்யலாம். சர்க்கரையையும் அழுத்தத்தையும் மேலும் தாழ்த்தலாம். தைராய்டு அளவை மாற்றலாம். சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்ட செய்திகளும் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளன. மூலிகை என்றாலே தீங்கற்றது என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. நோயைத் தொடும் ஆற்றல் உள்ள பொருளுக்கு உடலை வருத்தும் ஆற்றலும் இருக்கத்தானே செய்யும்?

ஜாதிக்காயும் அப்படியே. கிழக்கிந்தியக் கம்பெனியார் இம்மலைச்சாரலில் வாசனைப் பொருள் தோட்டம் போட்டு ஜாதிக்காயும் கிராம்பும் வளர்த்தது வரலாறு. பாலில் இழைத்துச் சிட்டிகையளவு சேர்ப்பது பாட்டிமார் பழக்கம். தூக்கம் வரவில்லையே என்று அளவைக் கூட்டினால் படபடப்பும் மனக்குழப்பமும் உண்டாகும். முதியவருக்கு அது பேராபத்து.

அப்படியானால் எதைத்தான் தேர்வது? ஐயனின் அபிஷேகத்தையே சற்று எண்ணிப் பார்க்கலாம். தைலம் தலைக்கு ஏற்றது, குடிக்க அன்று. முகர்வதும் பூசுவதுமே முதியோருக்கு முதற்படி. கல்லில் இழைத்த சந்தனம் நெற்றிக்கு. தலையணை அருகே கொஞ்சம் மருக்கொழுந்து. மண்பானைத் தண்ணீரில் கழுவிய வெட்டிவேர் முடிச்சு ஒன்று. எண்ணெய் தேய்த்துவிட ஒருவர் பக்கத்தில் அமர்ந்தால், எண்ணெயைவிட அந்தக் கைக்கே பலன் அதிகம் என்று சொன்னாலும் பிழையில்லை. உள்ளுக்குச் சாப்பிட வேண்டுமானால், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு சித்த மருத்துவரைப் பார்ப்பதே முறை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழகத்தின் பல அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவு உண்டு. அலோபதி மருந்தைத் தாமாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

அருவியில் நனைய விரும்பும் முதியோர் நீர்வரத்தைக் கேட்டறிந்து, கம்பியைப் பற்றியபடி ஓரத்தில் நிற்பது நலம். வெள்ளம் பெருகிக் காவலர் தடுக்கும் நாளில் கோயில் பிராகாரத்தில் அமர்ந்தாலே போதும். சாரல் தேடி வரும்.

அந்த மூதாட்டிக்குக் கடைக்காரர் வெட்டிவேர் ஒரு பிடி கட்டிக் கொடுத்தார். அமுக்கரா விலையில் பாதிகூட ஆகவில்லை. "இது தூங்க வைக்குமா தம்பி?" என்று கேட்டதற்கு, "தெரியாது ஆச்சி, மணக்கும்" என்றார். மூதாட்டி முடிச்சை முகர்ந்து பார்த்தார். கணவர் இருந்த காலத்தில் கோடையில் சன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டுவார் என்று பேரனிடம் சொல்லத் தொடங்கினார். பேருந்து நிலையம் வரும்வரை அந்தப் பேச்சு நீண்டது.