பெயர்கள் உறையும் இடம்

மென்பொருள் என்றதும் பலர் நினைவுக்கு வருபவை திரையில் தோன்றும் பொத்தான்களும் வண்ணங்களுமே. என் மனமோ தொடக்கம் முதலே திரைக்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளத்தையும், அதைத் தாங்கும் சேவையகத்தையுமே நாடிற்று. குளிரூட்டிய அறையில் இரவுபகலாக இரைந்துகொண்டு, யாருடையவை என்று அறியாமலே பல்லாயிரம் பெயர்களைக் காத்துவரும் பொறிகள் அவை. அவற்றின்மீது எனக்கிருந்த ஈடுபாட்டை நண்பர்கள் நகைத்ததும் உண்டு.

1970ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவுகளை நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாகக் கருதலாம். அவை வட்டில் எங்குள்ளன என்பதைக் கேட்பவர் அறியத் தேவையில்லை என்பது அதன் சாரம். எப்படித் தேடுவது என்று கட்டளையிடாமல், எது வேண்டும் என்று மட்டும் கேட்கும் எஸ்கியூஎல் மொழி இக்கருத்தின் வழியே பிறந்தது. அதன் எளிமை இன்றும் எனக்கு வியப்பே.

ஆனால், பொறி எழுத்தை எண்ணாகவே அறியும். ஒருங்குறியில் நகரத்தை அடுத்தே னகரம் வைக்கப்பட்டுள்ளது. அகராதியில் 'பயிர்' முன்னும் 'பனை' பின்னும் வரும். எண்வரிசையிலோ பனை முந்திக்கொள்ளும். தமிழ் வரிசைக்குரிய விதிகளைத் தரவுத்தளத்துக்குச் சொல்லிவிட்டால் இக்குறை தீரும்.

கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடே கொடிது. 'கோமதி' என்னும் பெயரின் முதலெழுத்தைப் பாருங்கள். ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே எண்ணாகப் பதியலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு எண்களாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பொறிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள்.

ஒருமுறை, ஓர் அலுவலகத்தின் முதியோர் உதவித்தொகைப் பட்டியல்கள் இரண்டை ஒப்பிடும் பணி எனக்கு வாய்த்தது. முதற்பட்டியலில் இருந்த ஒரு மூதாட்டியின் பெயர் மற்றதில் இல்லை என்றது பொறி. இரண்டையும் அச்சிட்டு அருகருகே வைத்தேன். ஓர் எழுத்தும் வேறுபடவில்லை. மூன்று மாதங்களாக அவருக்குத் தொகை செல்லவில்லை. ஒவ்வொரு முறையும் 'பெயர் இல்லையம்மா' என்னும் விடையைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவராயினும் அவரால் என்ன செய்திருக்க முடியும்? பிழை தாளில் இல்லையே!

இரு வடிவங்களும் நிகரானவை என்று ஒருங்குறித் தரம் முன்னரே வரையறுத்துள்ளது; ஒப்பிடுமுன் அவற்றை ஒன்றாக்கும் முறையையும் வகுத்துள்ளது. 2020இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 13ஆம் பதிப்பில் அதற்கெனத் தனிச் செயற்கூறே உண்டு. அதைச் சேர்க்க ஒரு வரி போதுமானதாக இருந்தது. மீண்டும் ஒப்பிட்டபோது அவர் பெயரோடு இன்னும் பல பெயர்களும் திரையில் வந்தன: கொ, கோ, பொ, சோ எனத் தொடங்கியவை, ஒன்றன்பின் ஒன்றாக.