மறுக்கப்பட்ட கூரை இழப்பீடும் நூற்றுக்கு முப்பதும்

புயல் கூரையைப் பிரித்துப் போட்ட வீட்டுக்கு முதலில் வருபவர் சர்வேயர். நிலம் அளப்பவர் அல்ல. காப்பீட்டு இழப்பை மதிப்பிடுபவர். அடுத்து வருவது நிறுவனத்தின் மறுப்புக் கடிதம். மூன்றாவதாக ஒருவர் வருவார்: "கையெழுத்து மட்டும் போடுங்கண்ணே, மீதியை நான் பார்த்துக்கிறேன். வர்றதுல நூத்துக்கு முப்பது."

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னை விவசாயியின் ஓட்டு வீடும் அதில் சிக்கியது. வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருந்ததால் காப்பீடும் இருந்தது. கூரையை மாற்ற 1,80,000 ரூபாய் ஆகும் என்றார் கொத்தனார். நிறுவனமோ, "மரச்சட்டங்கள் ஏற்கெனவே உளுத்திருந்தன, சேதத்துக்குப் புயல் காரணம் அல்ல" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. தோப்பும் போய், தலைக்கு மேல் தார்ப்பாயோடு இருந்தவர் கமிஷன்காரரிடம் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார்.

தடுத்தவர் மனைவி. "ஏங்க, என்ன காரணம் சொல்லி மறுத்தாங்கன்னு பார்க்காம, இன்னொருத்தருக்கு எதுக்குப் பங்கு பேசுறீங்க?"

சரியான கேள்வி. அமெரிக்காவில் பாலிசிதாரருக்காக இழப்பை மதிப்பிட்டுப் பேசுவது உரிமம் பெற்ற தொழில். ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அவர்கள் வாங்கும் கட்டணத்துக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. இங்கே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உரிமம் தருவது சர்வேயருக்குத்தான். கமிஷன் பேசி வருபவர் வெற்றுத்தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துக் கேட்டால், அவரைக் கட்டுப்படுத்த அப்படியோர் உரிமம் இல்லை.

அந்தத் தம்பதி முதலில் சர்வேயர் அறிக்கையின் நகலை எழுதிக் கேட்டு வாங்கினார்கள். அதில் உளுத்த சட்டம் என்று குறிப்பிட்டிருந்தது ஒரு மூலை மட்டுமே. பிறகு ஆதாரம் திரட்டினார்கள்: மறுநாள் காலை மகன் கைபேசியில் எடுத்த படங்கள், கிராம நிர்வாக அலுவலர் தந்த சான்று, அதே தெருவில் ஓடு பறந்த மற்ற வீடுகளின் படங்கள், கொத்தனாரின் மதிப்பீடு. எல்லாவற்றையும் இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் போனது.

ஒரு மாதம் பதில் இல்லை. அடுத்து சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதினார்கள். இங்கே கட்டணம் கிடையாது. நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும். புகாரைப் பாலிசிதாரரோ அவருடைய வாரிசு, நியமனதாரர் போன்றோரோதான் தர முடியும். வக்கீலும் தரகரும் முடியாது. ஆக, நூற்றுக்கு முப்பது கேட்டவரால் இந்தப் படி ஏறவே முடியாது. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நமக்குத் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

அவர்களுக்குக் கிடைத்தது 1,12,000 ரூபாய். பழைய ஓட்டுக்கான தேய்மானத்தைக் கழித்தது போக மீதி அது, முழுத்தொகை அல்ல. கமிஷன் கொடுத்திருந்தால் அதிலும் 33,600 போயிருக்கும். மாதங்கள் பல ஆயின. அதுவரை தார்ப்பாய்தான் கூரை. காத்திருக்கத் தெம்பில்லாதவர் குறுக்குவழி தேடுவதைக் குறை சொல்வதற்கில்லை.

எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டாம் என்பதல்ல. பெரிய கோழிப்பண்ணைக் கொட்டகை, பசுமைக்குடில் போன்றவற்றில் சேதத்தின் காரணமே வழக்கானால், ஒரு பொறியாளரிடம் பேசிய கூலிக்கு அறிக்கை வாங்குவது உதவும். நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வைக்கலாம். ஆனால் அதெல்லாம் செய்த வேலைக்குக் கூலி. வருவதில் பங்கு அல்ல.

மறுப்புக் கடிதம் வந்தால் மூன்றைப் பாருங்கள். பாலிசியின் எந்த விதியைக் காட்டி மறுத்தார்கள்? சர்வேயர் அறிக்கை அதையே சொல்கிறதா? அதற்கு எதிராக நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? பதில் தெரியாமல் யாருக்கும் பங்கு எழுதிக் கொடுக்காதீர்கள். புகார் எழுத வழி தெரியாவிட்டால், ஆணையத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 155255. இன்றைக்கே செய்யக்கூடியது இன்னொன்று: வெயில் அடிக்கும்போதே கூரையை நான்கு பக்கமும் படம் எடுத்து வைப்பது. புயலுக்கு முன் கூரை எப்படி இருந்தது என்று யாரும் கேட்டால் அந்தப் படம் பேசும்.