தாத்தாவின் துப்பாக்கி உறை



சென்ற வாரம் பாடல் போட்டிக்கான பயிற்சியின்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். குரல் ஒரு மாதிரி இருக்கிறது, 'உலகம் சுற்றும் வாலிபன்' படத்தில் வேறு மாதிரி இருக்கிறதே, ஏன்?" இடையில் அவர் கழுத்தில் குண்டு பாய்ந்தது என்றேன். "கழுத்தில் பாய்ந்தும் எப்படி ஐயா பிழைத்தார்?" என்றான் அவன். பாடவேளை முடிந்த மணி என்னைக் காப்பாற்றியது. அந்த விடையில் எங்கள் குடும்பக் கதை ஒன்றும் கலந்திருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

1967ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் மாலை, இராமாவரம் தோட்டத்து இல்லத்தில் எம்.ஆர்.ராதா தம் ரிவால்வரால் எம்.ஜி.ஆரை மிக அருகிலிருந்து சுட்டார். பின் தம்மையும் சுட்டுக்கொண்டார். அவ்வளவு நெருக்கத்தில் சுட்டால் ஒருவராவது மாண்டிருக்க வேண்டும். இருவருமே பிழைத்தனர். மருத்துவமனையில் படுத்தபடியே எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். ராதா சிறைவாசம் முடித்து வந்து 1979 வரை வாழ்ந்தார்.

குண்டுகள் ஏன் வலுவிழந்தன என்பதற்குத் தடயவியல் அறிஞர் பி. சந்திரசேகரன் கூறிய விளக்கம் வியப்பானது. அத்தோட்டாக்கள் 1950இல் வாங்கப்பட்டவை. மேசை இழுப்பறையில் ஒரு கலத்தினுள் தளர்வாகக் கிடந்தவை. இழுப்பறையைத் திறந்து மூடும்போதெல்லாம் அவை உருண்டு உரசின. பித்தளைக் கூட்டின் வாய் ஈயக்குண்டைப் பற்றியிருந்த இறுக்கம் நெகிழ்ந்தது. இறுக்கம் குறைந்தால் வெடிமருந்தின் அழுத்தம் முழுமையாகத் திரளும் முன்பே குண்டு புறப்பட்டுவிடும், வேகம் இராது. தமிழக வரலாற்றின் போக்கை ஓர் இழுப்பறை தீர்மானித்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இனி என் தாத்தாவின் கதை. அவர் செபராங் பிறையில் ஓர் இரப்பர் தோட்டத்தில் கிராணி. 1948 சூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் தொடங்கிற்று. தொழிலாளர் சம்பளப் பணத்தை ஜார்ஜ்டவுன் வங்கியில் பெற்று, பட்டர்வொர்த் பெர்ரியில் கடந்து, தோட்டம் சேர்க்க வேண்டியது தாத்தாவின் பணி. அதற்காக உரிமத்தோடு ஒரு சிறு பிஸ்டல் அவருக்கு வழங்கப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. தோலுறையில் இட்டு, சட்டைக்குள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வாராம்.

சிறிய துப்பாக்கியே நம்பத்தகாதது என்று நான் சொல்லவில்லை. 1911 சூன் 17இல் மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் கையிலிருந்த பெல்ஜிய நாட்டு பிரௌனிங் பிழைக்கவில்லை. ஆஷும் மாண்டார், வாஞ்சியும் மாண்டார். ஆனால் உருவம் சிறுக்கச் சிறுக்கப் பிழை பொறுக்கும் இடமும் சிறுக்கிறது. தானியங்கிப் பிஸ்டலில் மேற்பகுதி பின்னோக்கிச் சென்று வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். சிறியதில் அது நகரும் தூரம் மிகக் குறைவு. சிறிது பஞ்சுத்தூசி, சிறிது துரு, தளர்ந்த வில் ஆகியவற்றில் ஒன்று போதும், தோட்டா பாதியில் சிக்கிக்கொள்ளும்.

மறைத்துச் சுமப்பவர் அதை வைத்திருக்கும் இடமோ உடம்பில் நன்கு வியர்க்கும் இடம்! நம்மூர்ப் புழுக்கமும் கடற்காற்றின் உப்பும் உடன் சேரும். தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோல் பதனிடும் பொருள்களும் இரும்பை அரிக்கும். உறையில் தைத்த வளையங்களில் செருகிய தோட்டாக்களின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். தாத்தா ஒழுங்கானவர், வாரந்தோறும் எண்ணெய் இட்டார், தாராளமாகவே இட்டார். எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும் என்பதையும், தோட்டாவின் அடியிலுள்ள வெடிமூட்டிக்குள் கசிந்து அதைச் செயலற்றதாக்கும் என்பதையும் அவருக்கு எவரும் சொல்லவில்லை.

ஒரு சம்பள நாளின் அந்திப்பொழுது. லோரி பழுதாகிவிட, பணப்பையோடு தாத்தா மரநிரைகளுக்கிடையே நடந்து வந்தார். நிரையிலிருந்து ஓர் உருவம் கையில் கத்தியோடு ஓடிவந்தது. தாத்தா பிஸ்டலை உருவினார். உறையின் நைந்த ஓரம் அதைச் சற்றுப் பற்றிக்கொண்டதாம். பிடுங்கி நீட்டி விசையை இழுத்தார். 'டிக்' என்ற ஓசை மட்டும். மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து விட்டார். களிம்பேறிய இரண்டாம் தோட்டா பாதி வழியில் நின்றுவிட்டது.

"கிராணியாரே, பெண்சாதிக்கு நோவு கண்டுவிட்டது, மருத்துவச்சிக்கு அஞ்சு வெள்ளி வேணும்" என்றது அந்த உருவம். கையிலிருந்தது பால்வெட்டும் கத்தி.

தாத்தா பத்து வெள்ளி கொடுத்தனுப்பினாராம். இருட்டில் அவன் பிஸ்டலைக் கண்டானா இல்லையா என்று இறுதிவரை அவருக்குத் தெரியாது. மறுநாளே அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். துரை கோபித்துக்கொண்டதற்கு, "சுடாத துப்பாக்கி எதற்குத் துரை?" என்று காரணம் சொன்னார். உண்மையான காரணம் அதுவன்று.

1987 திசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி வானொலியில் ஒலித்தபோது எங்கள் வீட்டு ஐந்தடியில் தாத்தாவும் ஒரு முதியவரும் அருகருகே அமர்ந்திருந்தனர். முதியவர் துண்டால் முகத்தை மூடி அழுதார். அவர் விடைபெற்றுச் சென்றபின், "ராதா தோட்டா மாதிரிதான் என் தோட்டாவும்" என்று தொடங்கித் தாத்தா எனக்கு இதையெல்லாம் சொன்னார். அப்பெரியவரிடம் மட்டும் அவர் சொன்னதே இல்லை. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

1991இல் தாத்தா இறந்தபோது பாடையின் முன்புறத்தைத் தாங்கியவர் அப்பெரியவரே. இன்று அவரும் இல்லை. அன்றிரவு பிறந்த பெண் குழந்தை இப்போது பாட்டியாகி, பிறையில் வசிக்கிறார். தீபாவளிதோறும் எங்களுக்கு முறுக்கு வரும்.

உறை மட்டும் என்னிடம் உள்ளது. தோல் பாறைபோல் இறுகிவிட்டது. ஆறு வளையங்களில் நான்கில் பச்சைக் கறை இன்னும் இருக்கிறது.