எம்.பி. கணக்கு

கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குரோஸ் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதி ஓய்வு பெற்றேன். அதனால்தானோ என்னவோ, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு பிராட்பேண்ட் வந்தபோதும் முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். இன்றைய பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்பது அன்றைய இலக்கணம். அடுத்த ஜனவரியில் பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் சேவையைத் தொடங்கியது. பெரிய ஊர்களைச் சுற்றிவிட்டு எங்கள் கரிசல் பக்கம் எட்டிப் பார்த்தபோது என் மகள் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். அதுவரை டயல்-அப்தான். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி ஓய்ந்து இணைப்பு கிடைக்கும். அவள் இறங்குகிற வரைக்கும் வீட்டு ஃபோன் எங்கேஜ்டு. சொந்தத்தில் ஒரு துட்டிச் செய்தி சொல்லக் கூப்பிட்டவர்கள் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்துச் சொல்ல வேண்டி வந்தது. அதன் பிறகுதான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.

லைன் பார்க்க வந்தவர் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் வரவே இல்லை. நேராகத் தெருமுனைக் கம்பத்துக்குப் போனார். அங்கேயிருந்த டி.பி. பெட்டியைத் திறந்து, எங்கள் வீட்டுக்கு வரும் வயரைத் தேடிப் பிடித்தார். இரண்டு செப்புக் கம்பிகளை முறுக்கிவிட்டிருந்த இடம் பச்சை பூத்துக் கிடந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, மேல்தோலைச் சீவி, பளபளவென்று தெரிகிற செம்பை எடுத்துப் புதிதாக முறுக்கினார். “நேத்து வரைக்கும் ஃபோன் நல்லாத்தானே பேசுச்சு?” என்று கேட்டேன்.

“பேச்சு களிம்பைத் தாங்கும் அண்ணாச்சி. நெட்டு தாங்காது” என்றார்.

பிறகு அவரே விளக்கினார். நம் பேச்சு அந்தக் கம்பியில் நாலு கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுமாம். அதற்கு மேலே கிடக்கிற இடமெல்லாம் சும்மா கிடந்ததாம். இன்டர்நெட்டை அங்கே ஏற்றி விடுகிறார்கள். வீட்டுக்குள் ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டி இரண்டையும் பிரித்துக் கொடுக்கும். ஆனால் மேலே போகப் போக செம்பில் வலு தேய்ந்துவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் வேகம் படுத்துவிடும். இதில் கரிசல் மண்ணின் கைங்கரியம் வேறு. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊதிப் பெருக்கும். உள்ளே புதைத்த கேபிள் வருஷத்துக்கு வருஷம் இழுபடும். முதலில் விட்டுக்கொடுப்பது ஜாயிண்ட்தான். வீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. கரிசலில் அஸ்திவாரம் போட்டவன் சுவர் விரிசலைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் இருந்ததில்லை.

மோடத்தில் டி.எஸ்.எல். விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது. மகள் கூகுளைத் திறப்பதற்கு முன்னால் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். டயல் டோன் இருந்தது.

நாங்கள் எடுத்தது வாடகை குறைந்த திட்டம். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. தாண்டினால் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிக் காசு. வாடகை கூடின திட்டங்கள் சிலவற்றில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை அளவே கிடையாது. பெரிய ஃபைல் இறக்க மகள் அந்தத் திட்டத்துக்கு மாறலாம் என்றாள். “ரெண்டு மணிக்கு எந்திரிச்சு என்னத்தப் பிடிக்கப் போற, தண்ணியா?” என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. சீவலப்பேரியிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீருக்காக ராத்திரி கண் விழித்துக் குடம் நிரப்பியவள் அவள். கேள்வியில் கேலி இல்லை.

நோட்டில் தேதி, என்ன இறக்கினோம், எத்தனை எம்.பி. என்று மூன்று கட்டம். அதை எழுத எழுத ஒன்று புலப்பட்டது: எழுத்துக்கு எடையே இல்லை. ஒரு சினிமாப் பாட்டை இறக்குகிற அளவில் திருக்குறள் 1330-ஐயும் பத்துத் தடவைக்கு மேல் இறக்கலாம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்று, உலகெங்கும் உள்ள தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் சேர்த்த மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து நடந்து வந்தது. அதில் ஒரு ஃபைலைத் திறந்தேன், ஏதோ ஐரோப்பிய எழுத்தாகக் கொட்டியது. திஸ்கி எழுத்துரு போட்டதும் தமிழாக மாறியது. நூலகத்தில் சொல்லி வைத்துக் காத்திருந்து படித்த நூல்கள் எல்லாம் பாட்டு ஒன்றின் விலைகூட இல்லாமல் கிடந்தன.

இப்படிச் சொல்வதால் அளவு போட்டால்தான் அருமை தெரியும் என்று நான் உபதேசம் செய்வதாக நினைத்துவிட வேண்டாம். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. குடத்தோடு வரிசையில் நின்றவள் தட்டுப்பாட்டைப் புகழ மாட்டாள். ஆனால் அந்த நோட்டு ஒரு வேலை செய்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன்பே ‘எதற்கு’ என்று எழுத வைத்தது. அந்த ‘எதற்கு’ தெரிந்தால் வேகம் பெரிதில்லை. 2001 வாக்கில் மதுரைக்குப் பக்கத்தில் மேலூர்க் கிராமங்களில் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த கார்டெக்ட் முறையில், கம்பியே இல்லாமல், இன்டர்நெட் கூடங்கள் நடந்தன. வேகம் 35 கிலோபிட், மிஞ்சிப் போனால் 70. அங்கே கண் மங்கிய ஒரு கிழவி தன் கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாள். என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வேகம் அவளுக்குப் போதும்.

இப்போது வீட்டில் ஃபைபர். கண்ணாடி இழைக்குக் களிம்பும் ஏறாது. அளவும் கிட்டத்தட்ட கிடையாது. பேரன் ஃபோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் “என்ன பார்க்கப் போறடா?” என்று கேட்பேன். “தெரியல தாத்தா, பார்த்தாத்தான் தெரியும்” என்பான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது; பலசரக்குக் கடையில் மடித்துக் கொடுத்த பேப்பரைப் பிரித்துப் பிரித்து நானும் அப்படித்தான் வாசிக்கப் பழகினேன். பரீட்சை மாதங்களில் மட்டும் அவனையும் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறேன். எம்.பி. கட்டம் வேண்டாம், தேதியும் ‘எதற்கு’ என்பதும் போதும் என்றேன். முதல் பக்கத்தில் ‘கிரிக்கெட்’ என்று எழுதியிருந்தான். சரி என்று விட்டுவிட்டேன்.